கொல்லைப்புற பார்பிக்யூவும் அமெரிக்கக் குடும்பப் படக்கதையும்

கொல்லைப்புற பார்பிக்யூ என்பது வீட்டின் பின்புறத் திறந்தவெளியில் கரியடுப்பு மூட்டி, இறைச்சியைக் கம்பிவலையின் மேல் வைத்துச் சுட்டு, குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் சேர்ந்து உண்ணும் அமெரிக்க வழக்கம் ஆகும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் வந்த ஆண்டுகளில் இது அந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் கோடைக்கால வார இறுதிப் பழக்கமாகப் பரவியது. அதே ஆண்டுகளில்தான் நாளிதழ்களில் வெளிவந்த குடும்பப் படக்கதைகளும் உருமாறின. அவற்றுள் குறிப்பிடத்தக்கது 1954 அக்டோபர் 18 அன்று தொடங்கிய 'ஹை அண்ட் லோயிஸ்'. மோர்ட் வாக்கர் எழுத, டிக் பிரவுன் வரைந்த இத்தொடரில் புல்தரை, வேலி, கரியடுப்பு, எட்டிப்பார்க்கும் அண்டை வீட்டுக்காரர் ஆகியவை நிலையான அரங்கப் பொருள்கள்.

படக்கதை ஆசிரியர்களுக்கு இந்தக் கொல்லைப்புறம் ஏன் இவ்வளவு பயன்பட்டது, அந்தக் கொல்லைப்புறம் எப்படி உருவானது, அதற்குள் வர முடியாதவர்கள் யார் என்பவை ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள்.

சொல்லும் பழைய வழக்கமும்

பார்பிக்யூ என்ற சொல் கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்து வந்தது. மரக்கொம்புகளால் கட்டிய பரணை அவர்கள் குறித்த சொல்லை ஸ்பானியர்கள் 'பார்பகோவா' என்று எடுத்துக்கொண்டனர். அது பின்னர் ஆங்கிலத்திற்குச் சென்றது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் பார்பிக்யூ என்றால் குழி வெட்டி, கட்டை எரித்து, முழுப் பன்றியையோ ஆட்டையோ மணிக்கணக்கில் புகையிலும் மெல்லிய சூட்டிலும் வேகவைப்பது. ஊர் கூடும் விழாக்களிலும் தேர்தல் கூட்டங்களிலும் இது நடந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1769இல் அலெக்சாண்ட்ரியா நகரில் ஒரு பார்பிக்யூவுக்குச் சென்றதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். குழி வெட்டியவர்களும் இரவு முழுவதும் தீயைக் காத்தவர்களும் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களே. இந்தச் சமையற்கலை அவர்கள் கையில்தான் வளர்ந்தது.

புறநகர்க் கொல்லைப்புறத்தில் நடப்பது இதிலிருந்து வேறுபட்டது. அங்கே இறைச்சித் துண்டுகள் கங்கின் மேல் சில நிமிடங்களில் சுடப்படுகின்றன. சமையல் அறிந்தவர்கள் இதைப் பார்பிக்யூ என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. பெயரோடு வந்திருக்க வேண்டிய நினைவு மட்டும் வரவில்லை. இதைப் பின்னால் காண்போம்.

வீடு தெருவுக்கு முதுகு காட்டிய கதை

தமிழ்நாட்டுக் கிராமத்து வீட்டின் கொல்லைப்புறத்தில் கிணறு இருக்கும், துவைகல் இருக்கும், மாடு கட்டியிருக்கும், வாழையும் முருங்கையும் நிற்கும். அது வேலை நடக்கும் இடம். விருந்தினரை அமர வைப்பது முன்புறத் திண்ணையில். பழைய அமெரிக்க வீடும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. முன்புறத்தில் மரத் தாழ்வாரம் உண்டு. மாலையில் அங்கே நாற்காலி போட்டு அமர்ந்து தெருவில் போவோரிடம் பேசுவார்கள். பின்புறத்தில் துணி உலர்த்தும் கொடியும் குப்பைத் தொட்டியும் காய்கறிப் பாத்தியும் இருந்தன.

போர் முடிந்ததும் இந்த அமைப்பு தலைகீழானது. 1944இல் இயற்றப்பட்ட, 'ஜி.ஐ. பில்' என்று அழைக்கப்படும் சட்டம் போர்வீரர்களின் வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. திரும்பி வந்த இலட்சக்கணக்கானோர் திருமணம் செய்துகொண்டு வீடு தேடினர். லெவிட் குடும்ப நிறுவனம் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947 முதல் 1951 வரை 17,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அதுவே லெவிட்டவுன். தொழிற்சாலையில் கார் தயாராவது போல வீடுகள் தயாராயின. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பொருள் நின்ற இடத்தில் நிற்க, தொழிலாளர் குழுக்கள் வீடு வீடாக நகர்ந்தன.

ஒவ்வொரு மனையும் 60 அடி அகலம், 100 அடி நீளம். நம் கணக்கில் இரண்டரை கிரவுண்டு. வீடோ சிறியது. ஆகவே வீட்டைச் சுற்றி நிறைய வெற்றிடம் மிஞ்சியது. 1949இல் 7,990 டாலருக்கு விற்கப்பட்ட புதிய மாதிரி வீட்டில் சமையலறை தெருப்பக்கம் நகர்ந்தது. கூடம் பின்பக்கம் சென்று, அகன்ற கண்ணாடிச் சன்னல் வழியே கொல்லைப்புறத்தைப் பார்த்தது. முன் தாழ்வாரம் இல்லை. தெருவில் மனிதர்கள் நடந்து போவதும் குறைந்து, கார்கள் போகத் தொடங்கியிருந்தன. வீடு தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது என்று சொல்லலாம்.

லெவிட்டவுன் விதிகள் கடுமையானவை. புல்லை வெட்டாமல் விடக்கூடாது. வார இறுதியில் துணி உலர்த்தக்கூடாது. வேலி போடக்கூடாது. படக்கதைகளில் மரவேலி இல்லாத கொல்லைப்புறத்தைக் காண்பது அரிது. வேலி இல்லாவிட்டால் அதன் மேல் கையூன்றி எட்டிப்பார்க்கும் அண்டை வீட்டுக்காரரை எங்கே நிறுத்துவது? ஓவியருக்கு வேலி தேவைப்பட்டது. லெவிட்டவுன் மட்டுமே புறநகர் அல்ல என்பதால் வேலி போட்ட ஊர்களும் நிறைய இருந்தன.

துணி உலர்த்தும் வேலையும் காய்கறிப் பாத்தியும் விலக்கப்பட்ட பின், கொல்லைப்புறத்தில் மிஞ்சியது ஓய்வு. ஓய்வுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணம் பார்பிக்யூ.

கரியும் கலமும்

கலிபோர்னியாவில் இது சற்று முன்பே தொடங்கிவிட்டது. 'சன்செட்' இதழ் 1938லேயே பார்பிக்யூ பற்றித் தனி நூல் வெளியிட்டு, செங்கல்லால் அடுப்புக் கட்டும் முறைகளை விளக்கியது. ஆனால் நாடெங்கும் பரவ, தூக்கி நகர்த்தக்கூடிய அடுப்பும் கடையில் கிடைக்கும் கரியும் தேவைப்பட்டன.

கரியின் வரலாற்றில் ஹென்றி ஃபோர்டு வருகிறார். ஃபோர்டு கார்களில் அக்காலத்தில் மரப் பாகங்கள் நிறைய இருந்தன. மிச்சிகன் மாநிலத்தில் இருந்த அவரது மர ஆலைகளில் சீவலும் துண்டுகளும் குவிந்தன. எதையும் வீணாக்க விரும்பாத ஃபோர்டு, அவற்றைக் கரியாக்கி, மாவுப்பசை சேர்த்து அழுத்திக் கட்டிகளாகச் செய்யும் ஆலையை நிறுவினார். கார் விற்கும் கடைகளிலேயே இந்தக் கரியும் விற்கப்பட்டது. 1951இல் அந்தத் தொழில் கைமாறியது. அதன் பின் ஆலை இருந்த ஊரின் பெயரால் 'கிங்ஸ்ஃபோர்ட்' கரி ஆயிற்று. காரால் உண்டான புறநகருக்குக் காரின் கழிவிலிருந்து கரி கிடைத்தது பொருத்தமானதே.

அடுத்தது அடுப்பு. அக்காலத்துக் கரியடுப்புகள் கால் வைத்த திறந்த தட்டுகள். காற்றடித்தால் சாம்பல் பறக்கும், மழை வந்தால் விருந்து முடிந்தது. சிகாகோவில் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீஃபன், அங்கே நீரில் மிதக்கவிடும் உலோக மிதவைகள் செய்யப்படுவதைக் கண்டார். 1952இல் அத்தகைய உருண்டை ஒன்றை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதியைக் கலமாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். காற்றுத் துளைகளைத் திறந்தும் மூடியும் தீயைக் கட்டுப்படுத்த முடிந்தது. பன்னிரண்டு பிள்ளைகளின் தந்தையான அவருக்கு, மழைக்கு அஞ்சாத அடுப்பு ஓர் அவசியத் தேவையாக இருந்திருக்கும். மூன்று காலில் நிற்கும் அந்தக் கறுப்பு உருண்டை இன்று உலகெங்கும் அறியப்பட்ட வடிவம். ஒரு வளைகோடும் மூன்று நேர்கோடும் போட்டால் வாசகருக்குப் புரிந்துவிடும். படக்கதை ஓவியருக்கு இதைவிட வசதியான பொருள் ஏது?

அக்காலக் குடியரசுத் தலைவர் ஐசனோவரும் இறைச்சி சுடுவதில் ஆர்வம் கொண்டவர். கம்பிவலையை ஒதுக்கிவிட்டுக் கங்கின் மேலேயே நேரடியாக இறைச்சியைப் போடும் அவர் முறை பத்திரிகைகளில் பேசப்பட்டது. போர்த் தளபதியே ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்பருகே நிற்கலாம் என்றால் மற்ற ஆண்களுக்குத் தயக்கம் எதற்கு?

படக்கதை அப்பா எங்கே சாப்பிட்டார்?

குடும்பப் படக்கதையின் வரலாற்றை அப்பா சாப்பிடும் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். 1913இல் ஜார்ஜ் மெக்மேனஸ் தொடங்கிய 'பிரிங்கிங் அப் ஃபாதர்' தொடரின் நாயகன் ஜிக்ஸ், திடீர்ப் பணக்காரனான ஐரிஷ் தொழிலாளி. மனைவி மேகிக்கு மேல்தட்டு வாழ்க்கை மேல் மோகம். ஜிக்ஸுக்கோ டின்டி மூர் மதுக்கடையில் பழைய நண்பர்களோடு உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் தின்றால்தான் நிறைவு. தொடரின் நகைச்சுவையில் பாதி அவன் வீட்டிலிருந்து தப்பியோடுவதும், திரும்பும்போது மேகியின் பூரிக்கட்டை பறந்து வருவதும்தான். அதாவது அப்பாவுக்குப் பிடித்த சோறு வீட்டுக்கு வெளியே இருந்தது.

1930இல் சிக் யங் தொடங்கிய 'பிளாண்டி' தொடரில் அப்பா வீட்டுக்குள் வந்துவிட்டார். ஆனால் டாக்வுட் பம்ஸ்டெட் தன் புகழ்பெற்ற அடுக்கு சாண்ட்விச்சைக் குளிர்பதனப் பெட்டி முன்னால் நின்று தனியாகவே அடுக்குகிறார், அதுவும் பெரும்பாலும் நள்ளிரவில்.

ஹை ஃபிளாக்ஸ்டன் மூன்றாவது தலைமுறை அப்பா. பகல் வெளிச்சத்தில், கொல்லைப்புறத்தில், மனைவி மக்கள் சூழ நின்று இறைச்சி சுடுகிறார். தப்பியோடவும் இல்லை, ஒளிந்து தின்னவும் இல்லை. மதுக்கடை, குளிர்பதனப் பெட்டி, கரியடுப்பு என்ற இந்த மூன்று இடங்களுக்கு இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டு அமெரிக்கக் குடும்ப வரலாறு அடங்கியிருக்கிறது. குடியேறிகளின் நகர்த்தெரு முதலாவது. பொருளாதார நெருக்கடிக் கால வீடு இரண்டாவது. அரசுக் கடனில் வாங்கிய புறநகர் மனை மூன்றாவது.

ஹை அண்ட் லோயிஸ்

மோர்ட் வாக்கர் 1923இல் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1950இல் அவர் தொடங்கிய 'பீட்டில் பெய்லி' தொடர், ஒரு சோம்பேறிப் படைவீரனைப் பற்றியது. கொரியப் போர் ஓய்ந்த பின், படைமுகாம் கதையில் மக்களுக்கு ஆர்வம் குறையுமோ என்ற ஐயம் எழுந்தது. பீட்டிலை விடுப்பில் வீட்டுக்கு அனுப்பினார் வாக்கர். அங்கே அவன் தன் அக்காள் லோயிஸையும் அவள் கணவன் ஹையையும் சந்தித்தான். வாசகர்கள் பீட்டிலைத் திரும்பவும் முகாமுக்கு அனுப்பச் சொன்னார்கள். அவன் போய்விட்டான். அக்காள் குடும்பம் தங்கிவிட்டது. அதுவே தனித் தொடராயிற்று.

தொடரை விநியோகித்தது கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட். சிண்டிகேட் என்பது ஒரே படக்கதையை நூற்றுக்கணக்கான நாளிதழ்களுக்கு விற்கும் நிறுவனம். தமிழ் வாசகர்கள் காமிக்ஸ் இதழ்களில் படித்த வேதாளர் கதைகளுக்கும் மந்திரவாதி மாண்ட்ரேக் கதைகளுக்கும் உரிமை கொண்டது இதே நிறுவனம்தான்.

ஓவியரைத் தேடியபோது ஒரு வியப்பான ஒற்றுமை நேர்ந்தது. வாக்கர் ஓர் இனிப்பு விளம்பரத்தில் ஒரு படத்தைக் கண்டு அதை வரைந்தவரை விரும்பினார். சிண்டிகேட்டின் ஆசிரியர் சில்வன் பிக், சிறுவர் இதழ் ஒன்றில் வந்த 'டிரேசி ட்வின்ஸ்' என்ற தொடரைக் கண்டு அதன் ஓவியரைப் பரிந்துரைத்தார். இருவர் சொன்னதும் ஒரே பெயர், டிக் பிரவுன். 1917இல் நியூயார்க்கில் பிறந்த பிரவுன் விளம்பர ஓவியராகப் பணியாற்றியவர். சிக்கிட்டா வாழைப்பழத்தின் சின்னத்தை வரைந்தவர் அவரே. உணவை ஆசையூட்டும்படி வரைந்து பழகிய கை கரியடுப்புத் தொடருக்கு வாய்த்தது.

குடும்பத் தலைவர் ஹை, ஃபூஃப்ரம் என்ற நிறுவனத்தில் அலுவலர். மனைவி லோயிஸ். மூத்த மகன் சிப். இரட்டையர் டாட், டிட்டோ. டிட்டோ என்றால் 'மேற்படி' என்று பொருள், இரட்டையரில் இரண்டாமவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கைக்குழந்தை டிரிக்ஸி பேசமாட்டாள், ஆனால் அவள் நினைப்பது வாசகருக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் தர்ஸ்டி தர்ஸ்டனும் அவர் மனைவி இர்மாவும். தர்ஸ்டி என்ற பெயருக்குத் தாகம் கொண்டவர் என்று பொருள். என்ன தாகம் என்பதை அவர் கையிலுள்ள பானம் சொல்லிவிடும்.

அதுவரை வந்த குடும்பத் தொடர்களில் கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் மோதினர். வாக்கரும் பிரவுனும் இதை மாற்றினர். ஃபிளாக்ஸ்டன் குடும்பத்தார் தமக்குள் அன்பாக இருப்பார்கள். வரவுசெலவு, அலுவலகம், மழை, அண்டை வீட்டார், பழுதான கருவி ஆகியவைதான் அவர்களின் எதிரிகள். பூரிக்கட்டை பறக்காத தொடரில் நகைச்சுவைக்கு வேறு பொருள்கள் தேவை. தீப்பற்றாத கரியும், கருகிய இறைச்சியும், அழையாமல் வரும் எறும்பும் அந்த இடத்தை நிரப்பின.

இருவருக்கும் இதற்கான பொருள் தம் வீட்டிலேயே கிடைத்தது. கனெக்டிகட் மாநிலத்தின் ஃபேர்ஃபீல்டு வட்டாரத்தில் இருவரும் குடும்பத்தோடு வாழ்ந்தனர். அங்கிருந்து நியூயார்க் சிண்டிகேட் அலுவலகங்களுக்கு இரயிலில் போய்வரலாம். அம்மாநிலத்தில் அப்போது சம்பள வருமானத்துக்கு மாநில வரி இல்லை. படக்கதை ஓவியர்கள் பலர் அங்கே குடியேற இது போதுமான காரணம். ஒருவருக்கொருவர் அண்டை அயலாராக வாழ்ந்த அவர்கள் புறநகர் வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை.

அடுப்பருகே அப்பா, மற்ற இடங்களில் அம்மா

நாளிதழ்த் தொடரில் மூன்று அல்லது நான்கு கட்டங்கள்தான். அதற்குள் எல்லாரையும் ஒரே இடத்தில் நிறுத்தினால்தான் கதை ஓடும். அலுவலகத்தில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். சமையலறையில் அண்டை வீட்டார் இருக்க மாட்டார்கள். பள்ளியில் பெற்றோர் இருக்க மாட்டார்கள். கொல்லைப்புற பார்பிக்யூவில் மட்டும் ஆறு பேரும் அண்டை வீட்டாரும் நாயும் ஒரே சட்டத்துக்குள் இயல்பாக அடங்குவார்கள். நாடக ஆசிரியர்கள் கூடத்தைத் தேர்ந்தெடுப்பது இதே காரணத்தால்தான்.

நாள்காட்டியும் உதவியது. மே மாத இறுதியில் வரும் நினைவு நாள், ஜூலை 4 விடுதலை நாள், செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் நாள் என மூன்று விடுமுறைகளுக்கும் அடுப்பு மூட்டுவது வழக்கம். ஆண்டுதோறும் இந்த மூன்று நாள்களுக்கும் புதிய நகைச்சுவை தேவை. தொடர்கள் வெளியாகும் நாளுக்குப் பல வாரங்கள் முன்பே வரைந்து அனுப்பப்பட வேண்டியவை. ஆகவே கோடை விருந்தின் புகையை ஓவியர் வசந்தத்தின் குளிரிலேயே வரையத் தொடங்கியிருப்பார்.

நகைச்சுவையின் மையம் அப்பா. வாரம் முழுதும் சமைப்பது அம்மா, அதைப் பற்றி எந்தத் தொடரிலும் ஆரவாரம் இல்லை. அப்பா ஒரே ஒரு நாள் இறைச்சியைத் திருப்பிப் போட்டால் அவருக்கு உயர்ந்த வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் நீண்ட இடுக்கியும் பார்வையாளர் கூட்டமும் உண்டு. இறைச்சியை ஊறவைத்தது, காய்களை நறுக்கியது, தட்டு எடுத்துவந்தது, கடைசியில் பாத்திரம் கழுவியது எல்லாம் யார் என்று கேட்டால் விடை தெரிந்ததே. அக்கால விளம்பரங்கள் இதை ஆண்களின் சமையல் என்று பெருமையாகக் காட்டின. படக்கதைகளோ அந்தப் பெருமையைச் சற்றுக் கேலி செய்தன. தொப்பி பெரிதாக இருக்கும், இறைச்சி கருகியிருக்கும். ஆனால் கேலி அதோடு நின்றது. வேலைப்பங்கீடு எந்தக் கடைசிக் கட்டத்திலும் மாறவில்லை.

அதே காலத்தின் பிற தொடர்களிலும் இந்த இடம் முக்கியமானது. 1951இல் ஹேங்க் கெட்சம் தொடங்கிய 'டென்னிஸ் தி மெனஸ்' தன் நான்கு வயது மகனின் குறும்பிலிருந்து பிறந்தது. அதில் பக்கத்து வீட்டு வில்சனின் தோட்டமே டென்னிஸின் போர்க்களம். 1960இல் பில் கீன் தொடங்கிய 'ஃபேமிலி சர்க்கஸ்' ஒற்றை வட்டத்துக்குள் வரையப்படுவது. சிறுவன் பில்லி கொல்லைப்புறங்கள் வழியே சுற்றிச் சென்ற பாதையைப் புள்ளிக்கோட்டால் காட்டும் அதன் ஞாயிறு படங்கள் புகழ்பெற்றவை. அவற்றைப் புறநகரின் வரைபடம் என்றே சொல்லலாம்.

புகையை வரைவது

கறுப்பு வெள்ளையில் அச்சாகும் சிறிய கட்டத்தில் சூடு, மணம், புகை ஆகிய மூன்றையும் காட்டுவது எப்படி? மோர்ட் வாக்கர் 1980இல் வெளியிட்ட 'தி லெக்சிகன் ஆஃப் காமிகானா' என்ற நூலில் படக்கதைகளின் குறியீடுகளுக்கெல்லாம் வேடிக்கையான பெயர்கள் சூட்டினார். மேல்நோக்கி நெளிந்து எழும் கோடுகள் வெப்பத்தைக் குறித்தால் அவற்றுக்கு 'இண்டோதெர்ம்' என்று பெயர். அதே கோடுகள் உணவின் மணத்தைக் குறித்தால் 'வாஃப்டரோம்'. முகத்திலிருந்து தெறிக்கும் வியர்வைத் துளிகள் 'பிளூட்ஸ்'. கையைச் சுட்டுக்கொண்ட அப்பாவின் பேச்சுக்குமிழில் அச்சிட முடியாத சொற்களுக்குப் பதிலாக வரும் சுழிகளும் நட்சத்திரங்களும் சேர்ந்து 'மாலடிக்டா'. விளையாட்டாகச் சூட்டிய இப்பெயர்களில் சில இன்று படக்கதை ஆய்வாளர்களின் சொற்களாகிவிட்டன.

வெப்பத்துக்கும் மணத்துக்கும் ஒரே கோடு என்பது கவனிக்கத்தக்கது. எது எது என்பதைப் பக்கத்தில் நிற்பவரின் மூக்கும் கண்ணும்தான் வாசகருக்குச் சொல்கின்றன. ஒரு பார்பிக்யூ காட்சியில் வேலிக்கு அப்பால் இருப்பவர் மூக்கை உயர்த்தினால் அது மணம், கண்ணைக் கசக்கினால் அது புகை.

ஞாயிறு தொடர்களுக்கு வண்ணமும் கூடுதல் இடமும் கிடைத்தன. ஆனால் நாளிதழ்கள் இடத்தைச் சேமிக்க முதல் வரிசைக் கட்டங்களை நீக்கிவிடுவதுண்டு. ஆகவே அந்த வரிசையில் வருவது சுவையாக இருக்க வேண்டும், ஆனால் அது இல்லாமலும் கதை புரிய வேண்டும். அடுப்பு மூட்டும் காட்சி இத்தகைய முன்வரிசைக்கு ஏற்றது.

வேலிக்கு வெளியே

இனி, படத்தில் இல்லாதவர்களைப் பற்றி. லெவிட்டவுனின் தொடக்கக் கால ஒப்பந்தங்களில், வெள்ளை இனத்தவர் அல்லாதோர் அவ்வீடுகளில் குடியிருக்கக்கூடாது என்ற விதி எழுத்தில் இருந்தது. வீட்டுப்பணியாளர்களுக்கு மட்டும் விலக்கு. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் தீர்ப்பளித்த பின்னரும் லெவிட் நிறுவனம் கறுப்பின மக்களுக்கு வீடு விற்க மறுத்துவந்தது. போரில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய கறுப்பின வீரர்களுக்கு ஜி.ஐ. பில் சட்டத்தின் வீட்டுக்கடன் பலன் பெரும்பாலும் எட்டவில்லை. சட்டம் அவர்களை விலக்கவில்லை, கடன் கொடுத்த வங்கிகளும் வீடு விற்றவர்களும் விலக்கினர்.

பென்சில்வேனியாவில் அதே நிறுவனம் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் வில்லியம் மயர்ஸ், டெய்சி மயர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர், முந்தைய உரிமையாளரிடமிருந்து வீடு வாங்கிக் குடியேறினர். கூட்டம் திரண்டது, கல் எறிந்து சன்னலை உடைத்தது, இரவுகளில் தொல்லை தொடர்ந்தது. மாநிலக் காவலர் வர வேண்டியதாயிற்று. ஆதரவாக நின்ற அண்டை வீட்டாரும் இருந்தனர். மயர்ஸ் குடும்பம் அங்கேயே வாழ்ந்து காட்டியது. குடும்பப் படக்கதைகளில் அதே ஆண்டு கோடையிலும் வழக்கம் போல இறைச்சி கருகியது, அண்டை வீட்டுக்காரர் வேலி மேல் சாய்ந்து கேலி பேசினார்.

படக்கதை ஆசிரியர்கள் இதைத் திட்டமிட்டு மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் தம் கொல்லைப்புறத்தைத் தான் வரைந்தார்கள். அங்கே யார் இருந்தார்களோ அவர்களே படத்தில் வந்தார்கள். ஆனால் அது நாள்தோறும் நூற்றுக்கணக்கான நாளிதழ்களில் அச்சாகும்போது, ஒரு சிலருக்குக் கிடைத்த வாழ்க்கை எல்லார் வாழ்க்கையும் போலத் தோன்றியது. சட்டமும் கடனும் ஒப்பந்த விதியும் உருவாக்கிய ஒன்று, வெயிலும் மழையும் போல இயற்கையானதாகக் காட்சி அளித்தது. தென் மாநிலக் குழியடுப்புகளின் அருகே தலைமுறைகளாக நின்ற கறுப்பினச் சமையற்காரர்களின் கலைப்பெயரைத் தாங்கிய விருந்தில் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போனது.

மாற்றம் மெதுவாக வந்தது. கறுப்பின ஓவியரான மோரி டர்னர் 1965இல் பல இனச் சிறுவர்கள் சேர்ந்து விளையாடும் 'வீ பால்ஸ்' தொடரைத் தொடங்கினார். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பின், ஹாரியட் கிளிக்மன் என்ற பள்ளி ஆசிரியை 'பீனட்ஸ்' ஆசிரியர் சார்ல்ஸ் ஷூல்ஸுக்குக் கடிதம் எழுதி, ஒரு கறுப்பினச் சிறுவனைத் தொடரில் சேர்க்கும்படி கேட்டார். கடிதப் போக்குவரத்துக்குப் பின், ஜூலை 31 அன்று பிராங்க்ளின் என்ற சிறுவன் தோன்றினான். அவனைச் சார்லி பிரவுன் சந்தித்த இடம் ஒரு கடற்கரை. கடற்கரை பொது இடம், யார் வேண்டுமானாலும் வரலாம். கொல்லைப்புறத்துக்கு அழைப்பு வேண்டும். அதே ஆண்டில்தான் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டமும் நிறைவேறியது.

பின்னாளில்

பிரவுன் 1973இல் 'ஹாகர் தி ஹாரிபிள்' என்ற வைக்கிங் தொடரையும் தொடங்கினார். வாக்கர் 1974இல் கனெக்டிகட்டின் கிரீனிச் நகரில் படக்கதைக் கலைக்கென ஓர் அருங்காட்சியகம் நிறுவினார். அதன் சேகரிப்பு 2008இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து நூலகத்துக்குச் சென்றது. பிரவுன் 1989இலும் வாக்கர் 2018இலும் காலமானார்கள்.

தொடருக்குள்ளும் சில மாற்றங்கள் நேர்ந்தன. முதலில் சிறுவனாக இருந்த சிப், பின்னர் பதின்வயது இளைஞன் ஆனான். 1980இல் லோயிஸ் வேலைக்குச் செல்லத் தொடங்கினாள். அவளுக்கு வாக்கர் கொடுத்த தொழில் வீடு விற்பனை முகவர். அம்மா வெளியே வீடுகளைக் காட்டிக்கொண்டிருக்க, வார இறுதி அடுப்பு மட்டுமின்றி உள் அடுப்பும் அவ்வப்போது ஹையின் பொறுப்பாயிற்று. அதில் தொப்பியும் கைத்தட்டலும் கிடையாது.

எழுதும் பணி வாக்கரின் மகன்கள் பிரையன், கிரெக் ஆகியோருக்கும் வரையும் பணி பிரவுனின் மகன் சான்ஸுக்கும் வந்தது. ஃபேர்ஃபீல்டு கொல்லைப்புறங்களில் பிள்ளைகளாக ஓடியாடியவர்கள், அடுப்பருகே நிற்கும் அப்பாவை எழுதவும் வரையவும் தொடங்கினர். கால ஓட்டத்தில் குடும்பத்தார் ஆடையும் காரும் தொலைபேசியும் மாறின. டிரிக்ஸி மட்டும் 1954இலிருந்து கைக்குழந்தையாகவே இருக்கிறாள். வீட்டுக்குள் விழும் வெயில் கதிர்தான் இன்றும் அவளுடைய நண்பன்.